கோகிலாவுக்குப் பூக்கட்டிப் பார்த்தது

“என் மகள் சுத்த மக்கு, மிஸ்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுக் கணேசமூர்த்தி பணிவாகச் சிரித்தார்.

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

“மிஸ்டர் மூர்த்தி, மூன்றாம் வகுப்பில் உங்கள் மகள் கோகிலாதான் முதல்.”

“ஏதோ தெரியாத்தனமாக வந்திருப்பாள்.”

“ஒவ்வொரு பரீட்சையிலுமா?”

“வீட்டில் புத்தகத்தைத் திறந்தால் தூங்கிவிடுவாள், மிஸ். சாப்பாட்டில் மட்டும்தான் கெட்டிக்காரி.”

பெற்ற பிள்ளையைப் பிறத்தியார் புகழும்போது கூடச் சேர்ந்து தலையாட்டினால் என்ன ஆகும் என்று அவர் குடியிருந்த காஜா பெராங்கில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். கண் பட்டுவிடும். வீடாயிருந்தால் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடலாம். தலைமையாசிரியையின் அறையில் அதற்கு வசதி இல்லாததால் கணேசமூர்த்தி வாயாலேயே சுற்றிப் போட்டார்.

அந்த அம்மாள் அதை அப்படியே நம்பிவிட்டார்.

“நம் மலாய் நாடு சுதந்திரம் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கி ஒரு தனி வகுப்பு ஆரம்பிக்கிறேன். இரண்டு வருஷப் பாடத்தை ஒரே வருஷத்தில் முடித்துவிடுவார்கள். அப்புறம் பெரிய பெண்களோடு உட்கார வேண்டியிருக்கும். கோகிலாவை முதலில் எழுதியிருந்தேன். தகப்பனே இப்படிச் சொல்லும்போது யோசனையாக இருக்கிறது. திங்கட்கிழமை வந்து உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.”

கணேசமூர்த்தி அரசாங்க மராமத்து இலாகாவில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கிடங்குக் குமாஸ்தா. ஆணி, சுண்ணாம்பு, தார் எது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஆனால் ஒன்றை முடிவு செய்யச் சொன்னால் மட்டும் திணறிவிடுவார். வீட்டுக்கு வரும் வழியில் சைக்கிளை எங்கே திருப்புகிறோம் என்று தெரியாமல் தெங்கேரா வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“சரின்னு சொல்லிட்டீங்கதானே?” என்று வாசலிலேயே மடக்கினாள் மனைவி விஜயா.

“மக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“யாரை?”

“நம்ம புள்ளையத்தான். அந்தம்மா அவ்வளவு புகழ்றாங்க. கண்ணு பட்டுடாதா?”

“கண்ணு படும்னு யாராச்சும் புள்ள காலை உடைப்பாங்களா? நாளைக்கு நானே போயிப் பேசுறேன்.”

போனாள். தலைமையாசிரியை மலாயில் நேராகவே கேட்டார். “உங்கள் மகள் கெட்டிக்காரியா, இல்லையா?”

ஆமாம் என்று சொல்லத்தான் விஜயா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு போயிருந்தாள். ஆனால் அந்தச் சொல் தொண்டைக்கு மேலே ஏறவில்லை. “ஏதோ, அவ அப்பாவுக்குத் தேவலாம்” என்று சொல்லிவிட்டு வந்தாள். தலைமையாசிரியை கணேசமூர்த்தியை நேரில் பார்த்துப் பேசியவர். ஆகவே அதை அவர் புகழ்ச்சியாக எடுத்துக்கொள்ளவில்லை.

உண்மையில் கணேசமூர்த்தியின் பயம் கண்ணேறு அல்ல. அவருடைய தம்பி நடராஜன்.

நடராஜனும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடமே மெச்சிய பிள்ளை. டபுள் புரமோஷன் கொடுத்து ஒரு வகுப்பைத் தாண்டவிட்டார்கள். மறுபடியும் ஒன்றைத் தாண்டவிட்டார்கள். தாண்டித் தாண்டி எங்கே போய் விழுந்தானோ, பதினைந்து வயதில் இனிமேல் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டான். இப்போது கிளேபாங்கில் தனியாக இருக்கிறான். பகலில் ஒரு சீன முதலாளியின் தவுக்கே கடையில் வேலை, சாயங்காலம் கடலைப் பார்த்தபடி தூண்டில். அவன் வாய்விட்டுச் சிரித்துக் கணேசமூர்த்தி பார்த்து வெகு காலமாயிற்று.

அவனையே கேட்டுவிடுவது என்று சைக்கிளை மிதித்தார்.

நடராஜன் தூண்டிலை மடக்காமலே கேட்டுக்கொண்டான்.

“படிப்பு கஷ்டமா இருந்துச்சாடா?”

“அதெல்லாம் இல்லேண்ணே. படிப்பு சுலபம். ரீசஸ் மணி அடிச்சா எல்லாரும் பந்து விளையாட ஓடுவானுங்க. எல்லாம் மீசை வெச்ச பசங்க. என்னைச் சேத்துக்க மாட்டானுங்க. நான் மரத்தடியில நின்னு ரொட்டி திம்பேன்.” கொஞ்சம் பொறுத்து, “அது ஒண்ணுதான்” என்றான்.

கேட்காமலே இருந்திருக்கலாம். கிளேபாங்கிலிருந்து வீடு வரும்வரை அந்த மரத்தடியில் நடராஜனுக்குப் பதிலாக ரெட்டைச் சடையோடு கோகிலாதான் நின்றாள்.

போதாததற்குப் பக்கத்து வீட்டுக் கருணாகரன் வேலி ஓரத்தில் காத்திருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர். புண்ணுக்கு மருந்து வைக்கிறவர்தான், ஆனாலும் எந்த உறுப்பைப் பற்றியும் அபிப்பிராயம் வைத்திருப்பார்.

“மூளை சூடேறிடும் அண்ணே. எங்க வார்டுல ஒருத்தர் இருக்காரு. உலகத்துல இருக்கிற ஆறு, மலை எல்லாம் சொல்லுவாரு. தன் பேரைக் கேட்டாத்தான் முழிப்பாரு.”

இத்தனை பேர் தன்னைப் பற்றிக் கவலைப்படுவது தெரியாமல், அல்லது தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், கோகிலா முன்னறையில் தரையில் கட்டம் போட்டுச் சோடா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தினமும் கோப்பி குடித்த கையோடு அப்பாவும் மகளும் ஒரு ஆட்டம் டாம் ஆடியாக வேண்டும். கணேசமூர்த்தி தோற்கப்போகும் சமயத்தில் ஒரு மூடியை விரலால் மெல்லத் தள்ளினார்.

“அப்பா, அதைப் பழைய இடத்துல வைங்க.”

“எதைம்மா?”

“நீங்க ஏமாத்துறப்ப இருமுவீங்க. இப்ப இருமினீங்க.”

உள்ளேயிருந்து விஜயா சிரித்தாள்.

“அம்மா மட்டும் என்னவாம். பொய் சொல்றப்ப முந்தானையை இழுத்துச் செருகிக்குவாங்க” என்றாள் கோகிலா, தலை நிமிராமல்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சண்டை முற்றிவிட்டது.

“என்னை அஞ்சாம் வகுப்போட நிறுத்துனாங்க” என்றாள் விஜயா. “பொம்பளப் புள்ளைக்கு அது போதும்னாங்க. இன்னிக்கு வரைக்கும் பாசாருக்குப் போற வழியில பள்ளிக்கூடத்து மணி கேட்டா எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. என் புள்ளைய வா வான்னு கூப்பிடுறாங்க. நீங்க மரத்தடி, ரொட்டின்னு கதை சொல்றீங்க.”

“என் தம்பிய நீ சின்ன வயசுல பாத்ததில்ல விஜயா.”

கணேசமூர்த்தி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். கடைசியில் விஜயாதான் வழி சொன்னாள்.

“மாரியம்மன் கோவில்ல பூக்கட்டிப் பாத்துடுவோம். செவப்புப் பூ வந்தா சேக்கிறோம். வெள்ளை வந்தா வேணாம். அதுக்கப்புறம் யாரும் வாயைத் தெறக்கக்கூடாது.”

ஒரு பொட்டலத்தில் சிவப்பு, ஒன்றில் வெள்ளை. அம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். பெண் பார்ப்பதிலிருந்து வீடு மாறுவது வரை அந்தத் தெருவில் பாதி முடிவுகள் அப்படி எடுக்கப்பட்டவைதான்.

“சரி. நானே ஒழுங்கா கட்டி வைக்கிறேன்” என்று கணேசமூர்த்தி இருமினார்.

“கட்டுங்க. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன்” என்று விஜயா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

கோகிலா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கட்டி எங்கப்பா வைப்பீங்க?”

“சாமி படத்துக்கிட்ட. ஏம்மா?”

“சும்மாத்தான்.”

வெள்ளிக்கிழமை காலையில், வேலைக்குப் போகுமுன், கோவில் வாசலில் பூ விற்கும் பொன்னம்மாவிடம் கணேசமூர்த்தி அரளிப் பூ வாங்கினார்.

“ரெண்டுமே வெள்ளையா கிராணி சார்?”

“ஆமா. யார்கிட்டயும் சொல்லிக்க வேணாம்.”

இரண்டு வாழையிலைத் துண்டுகளிலும் வெள்ளையையே வைத்து நாரால் கட்டினார். தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக இருந்தது. அம்மனையே ஏமாற்றும் அளவுக்கு வந்துவிட்டோமே என்று சாமி படத்தைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்தார். ஆனால் மரத்தடியை நினைத்தார். முடிச்சு இறுகிவிட்டது.

சாயங்காலம் எல்லோரும் கோவிலுக்குப் போனார்கள். தட்டைக் கோகிலா ஏந்தி வந்தாள். எடுப்பதற்குக் கருணாகரனின் சின்னப் பெண் சீதாவைத் தூக்கி வந்திருந்தார்கள். அவளுக்கு இன்னும் பேச்சே சரியாக வரவில்லை. பூசாரி பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். சீதா ஒன்றை எடுத்து நேராக வாயில் வைத்துக்கொண்டாள். பூசாரி அதைப் பிடுங்கிப் பிரித்தார்.

சிவப்பு.

கணேசமூர்த்திக்குக் கோவிலே ஒரு சுற்றுச் சுற்றியது. தன் கையால் வெள்ளை வைத்துக் கட்டிய பொட்டலம். கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வலிக்கவா செய்யாது, கத்தத்தான் முடியாது.

“அம்மா உத்தரவு கொடுத்துட்டா” என்றார் பூசாரி. “இன்னொண்ணையும் பிரிச்சுக் காட்டிடுறேன்.”

“வேணாம் பூசாரி” என்றார் கணேசமூர்த்தி.

“வேணாம் பூசாரி” என்றாள் விஜயாவும், அதே மூச்சில்.

பூசாரி இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பிரித்தார். உள்ளே வெள்ளை இருந்தது. விஜயா பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் சண்டை ஆரம்பித்தது. ஆனால் ஆட்கள் இடம் மாறியிருந்தார்கள்.

“புள்ளையச் சேத்தே ஆகணும்” என்றார் கணேசமூர்த்தி. “அம்மன் சொன்னதுக்கு மேல பேச்சில்ல.”

“சேக்கவே கூடாது” என்றாள் விஜயா. “எனக்குப் பயமா இருக்குங்க.”

“நீதானே ஒத்தக் கால்ல நின்னே?”

“நீங்கதானே மரத்தடின்னு அழுதீங்க?”

“எனக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியாது விஜயா.”

“எனக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியாது.”

கணேசமூர்த்தியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளையத்தான் வெச்சேன். அம்மன் ஒண்ணைச் செவப்பா மாத்திட்டா. என் திருட்டு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

விஜயா அவரையே உற்றுப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை.

“அது எப்படிங்க? நீங்க சைக்கிள்ல ஏறின கையோட அந்த ரெண்டையும் தூக்கிக் கொல்லையில போட்டுட்டு, செவப்பு வெச்சு ரெண்டு பொட்டலம் நான் கட்டி வெச்சேனே.”

“ரெண்டுலயுமா?”

“ரெண்டுலயும்தான்.”

“நான் கட்டினதைப் பிரிச்சுப் பாக்கலையா?”

“பாத்திருந்தா உங்க லட்சணம் காலையிலேயே தெரிஞ்சிருக்குமே.”

இருவருக்கும் ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது, ஒரே இடத்தில்தான் இடித்தது.

“ரெண்டும் செவப்புன்னா, வெள்ளை எங்கேருந்து வந்துச்சு?” என்றார் கணேசமூர்த்தி, மிகவும் மெதுவாக.

விஜயா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மன்தாங்க. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சேந்து அவளையே ஏமாத்தப் பாத்தோம். நம்மள என்ன வேணும்னாலும் பண்ணட்டும். புள்ளைக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாது.”

அடுத்த அறையில் கோகிலா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். கணேசமூர்த்தி போய் அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. சற்றுப் பொறுத்து விஜயாவும் போய்க் கை வைத்துப் பார்த்தாள். கருணாகரன் சொன்ன சூடு இதுவாக இருக்குமோ என்று அவளுக்கும் ஒரு சந்தேகம்.

விடிந்தும் விடியாததுமாக இருவரும் பொன்னம்மாவின் முன்னால் போய் நின்றார்கள். அவள் அப்போதுதான் கூடையை இறக்கிப் பூவை உதறிக்கொண்டிருந்தாள்.

“அம்மனுக்கு ஆளுயர மாலை ஒண்ணு வேணும்” என்றார் கணேசமூர்த்தி.

“பசியாறாமக்கூட வந்திருக்கீங்க. என்ன விசேஷம்?”

“விசேஷம் இல்ல. தப்பு நடந்துபோச்சு.”

விஜயா முழுவதையும் சொன்னாள். வெள்ளையைச் சொன்னாள், சிவப்பைச் சொன்னாள். கடைசியில் அம்மன் பூவை மாற்றியதைச் சொல்லும்போது கையெடுத்துக் கும்பிட்டாள். பொன்னம்மா நாரைக் கீழே வைத்தாள்.

“நேத்து உங்க ஊட்டுலேருந்து யாரு வந்தாலும் ‘யார்கிட்டயும் சொல்லாதே’ன்னு சொல்லிட்டுத்தான் பூ வாங்குனீங்க. அதான் நான் வாயைத் தெறக்கல. ஆனா அம்மன் தலையில பழி விழுந்தா நான் சும்மா இருக்க முடியாது. பூவை மாத்துனது அவ இல்ல. உங்க பொண்ணு.”

“கோகிலாவா?”

“பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ரெண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கிட்டு நேரா இங்கதான் வந்தா. பிரிச்சா, ரெண்டும் செவப்பு. ‘சரி, கடைசியாத் தொட்டது அம்மா’ன்னு சொல்லிட்டு ஒரு வெள்ளை கேட்டா. ஒண்ணுல அதை வெச்சு, ரெண்டையும் என்னைக் கட்டச் சொல்லிட்டு, எது எதுன்னு பாக்காம திரும்பி நின்னுக்கிட்டா. ஏன் கண்ணு இந்த வேலைன்னு கேட்டேன். ‘எங்க வீட்டுல எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க பூக்காரம்மா, அம்மனுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும்ல’ன்னா.”