ஸ்டியரிங் இருக்கிறது, மாப்பிள்ளையைக் காணோம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி, மகள், தையல் மெஷின் நால்வரும் நலம். அங்கு நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பீர்கள். உங்கள் அம்மாவின் கோபம் எப்படி இருக்கிறது என்று அறியத்தான் இக்கடிதம். ஃபோனில் கேட்கத் துணிவில்லை, நேரில் வர முகமில்லை.

திறக்கவிருக்கும் உங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு வெப்சைட் வேண்டும் என்று நீங்கள் சொன்ன அன்று, "வெளியாள் எதுக்கு மாப்பிள்ளை? நான் செஞ்சு தர்றேன்" என்று எல்லார் முன்னாலும் மார்தட்டியவன் நான். வெப்சைட்டைத் திறந்து பார்ப்பதைத் தவிர அப்போது எனக்கு வேறொன்றும் தெரியாது. தங்கை மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் காலை நகர்த்தி வைத்துக்கொண்டேன். அண்ணன் பேரைச் சொல்லிப் புகுந்த வீட்டில் அவள் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும் என்ற ஆசை, வேறென்ன?

மறுநாளே வீட்டு முன்பக்கத்துத் தையல் கடையில் பாடம் ஆரம்பமாயிற்று. ஃபோனில் ஒரு வாத்தியார் மூச்சுவிடாமல் பேசுவார். மெஷினை மிதித்தால் அவர் பேசுவது கேட்காது, மிதிப்பதை நிறுத்தினால் வாடிக்கையாளர் சும்மா இருக்கமாட்டார். ஒருவர் வந்து "என் பேன்ட் என்னாச்சுங்க?" என்றார். "லோடாகிட்டு இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். முதல் பக்கம் எழுதியதும் எல்லா எழுத்தும் கொட்டை கொட்டையாக நின்றது. மகள் எட்டிப் பார்த்தாள். "தலைப்புன்னு குறி போட்டுத் திறந்தீங்களே, முடியுற இடத்துல மூடினீங்களாப்பா?" என்றாள். மூடவில்லை. உங்கள் முகவரி முதற்கொண்டு எல்லாமே தலைப்பாகிவிட்டது. "வீட்ல ஃப்ரிட்ஜையே மூடமாட்டாரு, அதைப் போயி மூடுவாராக்கும்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதோடு நின்றிருந்தால் குடும்ப மானம் தப்பியிருக்கும். எந்த வேலைக்கும் அளவுதானே முக்கியம்? இஞ்சு டேப்பை எடுத்து என் ஃபோனை நீளம், அகலம் அளந்தேன், சாக்பீஸால் துணியில் குறித்துக்கொண்டேன், பக்கத்தை அந்த அளவுக்கே கச்சிதமாக வெட்டி அமைத்தேன். கார் ஓட்டும் கோலத்தில் உங்கள் படம், கீழே ஃபோன் நம்பர். பார்க்க அப்படி ஒரு ஃபிட்டிங்! பெருமை தாங்காமல் இரு வீட்டுக் குரூப்பிலும் அனுப்பிவைத்தேன்.

உங்கள் அம்மாவின் ஃபோன் என்னுடையதைவிடச் சின்னது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதில் ஸ்டியரிங் தெரிந்திருக்கிறது, உங்களைக் காணோம். ஒரு காது மட்டும் ஓரத்தில் தொங்கியிருக்கிறது. நம்பரில் வால் இல்லை. "எம் பிள்ளைய வெட்டிட்டு வெறுங்காரைப் போட்டிருக்காரு உங்கண்ணன்" என்று தங்கையைப் பிடித்துக்கொண்டாராம். தங்கை என்னைப் பிடித்தாள். "அன்னைக்கே மிதிச்சேனே அண்ணா, வலிக்கலையா உனக்கு?"

மகளிடம் போய் நின்றேன். "எல்லா ஃபோனும் ஒரே உடம்பாப்பா? ஒருத்தருக்கு அளவெடுத்து ஊருக்கே மாட்டிவிட்டா எப்படி? பக்கம் இழுத்தா இழுபடணும், சுருக்கினா சுருங்கணும்" என்றாள். அதாவது எலாஸ்டிக்! ரெடிமேட் எலாஸ்டிக் பேன்ட்டைத் திட்டியே பிழைப்பு நடத்துகிறவன் நான் மாப்பிள்ளை. எந்த முகத்தோடு அதை வைப்பேன்? ஆகவே தயவுசெய்து இந்த வேலையை விவரம் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். திறப்பு விழாவுக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுப் போகிறேன். தங்கையை யாரும் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் மிதித்தது உண்மை.

உங்கள் வண்டிகள் இடிபடாமலும் மாணவர்கள் பிரேக்கை மறக்காமலும் இருக்க வாழ்த்தும்,
மைத்துனன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் உங்கள் அம்மாவே கூப்பிட்டார். எழுந்து நின்றுதான் எடுத்தேன். "திட்டத்தான் மறுபடி பாத்தேன் தம்பி. ஆளில்லாத ஸ்டியரிங்கையே பாத்துக்கிட்டு இருந்தேனா, அதை நான் பிடிச்சா என்னன்னு தோணிருச்சு. பேரை எழுதிக்கோங்க" என்றார். ஆக, பள்ளிக்கு முதல் மாணவி என் வெப்சைட் மூலம் சேர்ந்தாயிற்று. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போடவும். வேலையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். வெட்கத்தைவிட்டு எலாஸ்டிக் வைத்துவிட்டேன், நம்பர் இப்போது முழுசாகத் தெரிகிறது. படத்தில் உங்களை மட்டும் திரும்ப வைக்க வேண்டாமாம், அந்த இடம் இனி தனக்காம். அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.