வாயில் நுழையாத கடைகளும் ஒரு பூட்டும்

எங்கள் தெருவில் கடை வைக்க முதல் தேவை, யார் வாயிலும் நுழையாத ஒரு பெயர். சரக்கு பிறகு வந்தால் போதும். செருப்புக் கடையின் பெயரைச் சொன்னால் தும்மல் போட்ட மாதிரி இருக்கும். கண்ணாடிக் கடையின் பெயரைச் சொல்லப் போய்ப் பல்செட்டைக் கீழே விட்ட ஓய்வுபெற்ற தபால்காரர், இப்போது தெருவின் எதிர்ப்பக்கமாகவே நடக்கிறார். ஆனாலும் யாரும் குறைசொல்வதில்லை. பெயர் விளங்காத கடையில் வாங்கிய செருப்பு, காலைக் கடித்தாலும் கௌரவமாகக் கடிக்கும்.

இந்த நாகரிகத்தில் சேராதவர் பூட்டுக்காரர். அவர் கடையின் பெயர் 'சாவிக் கடை'.

வினை அங்கேதான் இருந்தது. குற்றம் கண்ட கடையின் பெயரை, அதன் வாசலில் நின்று உரக்கவும் பிழையறவும் கூவிய பின்னரே நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்பது கடைப்பதிவு அலுவலகத்தின் விதி. செருப்புக் கடையின் படி நடைபாதையை விழுங்கியிருந்தது. அந்த அலுவலகத்தின் அதிகாரி அங்கே போய்த் தொண்டையைச் செருமினார், உதட்டைக் குவித்தார், நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு நேராகப் பூட்டுக்காரரிடம் வந்து, "சாவிக் கடை!" என்று கணீரென்று கூவி, நோட்டீஸை ஒட்டினார்.

"சார், படி அவங்களோடதுங்க!"

"தெரியும்யா. உன் பேருதானே வாயில வருது."

கண்ணாடிக் கடை சாக்கடையை அடைத்ததற்கும் இவர் கதவில்தான் ஒட்டினார்கள். தெருவின் பாவமெல்லாம் அந்த ஒரே கதவில் சேர்ந்தது. கடைசி நோட்டீஸ், இன்னும் ஒரு குற்றம் கண்டால் கடைக்குச் சீல் என்றது.

"ஊரார் பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷன் கடையை இன்னொருத்தன் பூட்டிட்டுப் போறதா? வெளியே தலைகாட்ட முடியுமா? பேரை மாத்துங்க," என்றாள் மனைவி.

"என்னன்னு மாத்துறது?"

"எதுன்னாலும் சரி. அர்த்தம் மட்டும் இருக்கக் கூடாது."

போர்டு செய்பவரிடம் மிச்சம் கிடந்த எழுத்துகளை அள்ளி வந்து, கைக்கு வந்த வரிசையில் அடித்தார்கள்: 'ஞ்ழௌக்ஷ்ட்ரூஃப்'.

மறுநாள் அதிகாரி வந்து அண்ணாந்து பார்த்தார். "ஞ்..." என்றார். கண்ணில் நீர் வந்துவிட்டது. பூட்டுக்காரர் மனைவி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, "மெதுவா சொல்லுங்க சார், அவசரமில்லை," என்றாள். அதிகாரி கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். தெருவே கைதட்டியது.

அடுத்து மாட்டியவர் 'போர்டு கடை'க்காரர். அவரும் சாயங்காலத்துக்குள் பெயரை மாற்றிக்கொண்டார். அதிகாரி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். கடமை தவறாதவர். கூவுவதற்கு அவர் நாவுக்கு எட்டிய ஒரே பெயர் அந்த முனையில் மிஞ்சியிருந்தது: 'கடைப்பதிவு அலுவலகம்'. அதன் படியும் நடைபாதையை விழுங்கித்தான் இருந்தது. கூவினார், ஒட்டினார், சீல் வைக்கத் துணிந்தார். சீல் வைக்கும் இடத்தின் சாவியை முன்கூட்டியே அலுவலக அலமாரியில் ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஒப்படைத்தார். வெளியே வந்து பூட்டை அழுத்தினார்.

ஆபீஸே ஒழிந்தது என்று தெருவில் மிட்டாய் கொடுத்தோம். வாயில் மிட்டாய் கரைவதற்குள் செருப்புக் கடைக்காரர் அலறினார்: "ஐயையோ, நம்ம லைசென்செல்லாம் உள்ளே கிடக்கே! நாளைக்குள்ள புதுப்பிக்கலேன்னா கடையே கிடையாதே!"

எல்லோரும் பூட்டுக்காரரிடம் ஓடினோம். அவர் லைசென்சும் உள்ளேதான். கம்பியை எடுத்துக்கொண்டு அவரே முன்னால் ஓடி வந்தார். வாசலில் அதிகாரி கையை நீட்டி மறித்தார்.

"நில்லுங்க. அரசாங்கப் பூட்டு. கடைப் பேரைச் சொல்லி நான் முறைப்படி அழைச்சாத்தான் நீங்க கை வைக்கலாம்."

"அழைங்க சார்!"

"எனக்கு வராதுன்னு தெரியாதா? நீங்க ஒரு தடவை சொல்லுங்க, கேட்டுச் சொல்றேன்."

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? நான் ஆணிதான் புடிச்சேன்."

இப்போது தெரு முழுக்கப் பூட்டுக்காரர் கடை போர்டுக்குக் கீழே நிற்கிறது, அதிகாரியும் சேர்த்து. "ஞ்..." வரை எல்லோருக்கும் சுத்தமாக வந்துவிட்டது. தபால்காரர் பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எங்களுக்கெல்லாம் முன்னால் 'ழௌ' வரை போய்விட்டார். அவருக்குக் கடை கிடையாது.