துபாஷி ஏறிய தோணி

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி இறங்கி இங்கிலீசுக்காரன் கொடி ஏறிய மறுமாதமே பொன்னுரங்கம் ஒரு முடிவுக்கு வந்தான். இனி வலையைத் தொடுவதில்லை. துரைமார் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி ஆகிவிடுவது.

அதற்கு வேண்டிய இங்கிலீசு அவனிடம் இருந்தது. ஒரே சொல். கெட். கோட்டை வாசலில் சிப்பாய்கள் பேசும்போது பிடித்தது. மற்றவர்கள் நூறு சொல் படித்துத் திணறட்டும். வெள்ளைக்காரன் எழுவது, ஏறுவது, வாங்குவது, விளங்கிக்கொள்வது எல்லாம் இந்த ஒன்றுக்குள் அடக்கம் என்று அவன் கண்டுபிடித்திருந்தான். தோணிரேவில் அவன் நடையே மாறிப்போயிற்று.

ஒரு நாள் விடியலில் அவர்கள் வீட்டுப் பாடு வந்தது. ஏரியில் மீன் கூடும் இடத்தில் வலை போட வீட்டுக்கு வீடு முறை வரும், அதுதான் பாடு. வீட்டு ஆம்பளை தோணியில் இல்லையென்றால் முறை அடுத்த வீட்டுக்குப் போய்விடும். இறால் பொங்கும் பருவம் வேறு. மனைவி திரௌபதியின் தம்பி கண்ணப்பன் துறையில் தோணியோடு காத்திருந்தான். பொன்னுரங்கமோ வெளுத்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோட்டைக்குக் கிளம்பினான்.

"இன்னாய்யா, பாடு வந்த நாளும் அதுவுமா எங்க போற?" என்று கேட்டாள் திரௌபதி.

"துபாஷி வலை இழுப்பானா? துரை பார்த்தா இன்னா நெனைப்பாரு?"

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தான். வரவில்லை.

"அதுவும் சரிதான். துபாஷி பொண்டாட்டிக்கு நாலு வார்த்தை தெரியலன்னா ஊரு சிரிக்கும். எனக்கும் சொல்லிக் குடேன்."

பொன்னுரங்கத்தின் மார்பு பாய்மரம் போல விரிந்தது.

"நாலு எதுக்குடி? ஒண்ணு போதும். கெட்."

"விடியக்காலைல நல்ல வார்த்தையாப் பார்த்துச் சொல்லுய்யா."

"கேளு. கெட் அப்னா எழுந்திரு. கெட் அவுட்னா..."

"இன்னா?"

"கோட்டை வாசல்ல தெனம் என்னைப் பார்த்துச் சொல்றாங்க. மரியாதையா வழியனுப்புறது."

"ஒரு சாமானை எடுத்தாரச் சொல்லணும்னா?"

"அதுக்கும் கெட்தான்!"

"வாயால சொன்னா மண்டைல ஏறலய்யா. செஞ்சு காட்டு. தோ, அந்த வலையை வச்சுக் காட்டு."

வலையைத் தூக்கித் தோளில் போட்டுக் காட்டினான். அவள் அடுத்த சந்தேகத்தைக் கேட்டபடி முன்னால் நடந்தாள். பாடம் பாதியில் நிற்கலாமா? அவனும் பின்னாலேயே நடந்தான். துறை வந்தது.

"தோணில ஏறுறதுக்கு வேற வார்த்தையா?"

"வேறயா? கெட் இன். இப்டி!" ஏறி நின்றான்.

"காத்துல காதுல விழல. நடுவுல நின்னு சொல்லுய்யா."

நடுவில் நின்று உரக்கச் சொன்னான். ஒரே காலையில் இவ்வளவு படித்துவிட்டாள், வாத்தியார் அப்படி, என்று பூரித்து நின்றபோது கரை நகர்ந்தது. திரௌபதி இரண்டு கையாலும் தோணியைத் தள்ளிவிட்டிருந்தாள். கண்ணப்பன் கோலை ஊன்றினான்.

"குந்து மாமா, ஆடுது."

"ஏய்! எறங்குறதுக்கு இன்னா சொல்லணும்னு கேக்கலியேடி!"

முழங்காலளவுத் தண்ணீரில் நின்று அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"அதைத் தோணில இறால் ரொம்பினப்புறம் படிச்சுக்கிறேன்யா!"