மாமனார் தட்டிப் பார்த்த தூசிப் பை

மரம் அறுக்கிற மிஷினையும் மனைவியையும் ஒரே கூரைக்குக் கீழே வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நம்பிய ஆள் அன்றைய மலாக்காவில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன். எழுதும்போதே முகம் சுடுகிறது. ஆனாலும் என் மகள் ஊரெல்லாம் கை, கால் ஒட்டவைத்துச் சொல்லித் திரிவதைவிட நானே சொல்லித் தொலைப்பது மேல்.

அப்போது காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பகலில் ரப்பர் ஏற்றுமதி ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை. சாயங்காலமானால் தச்சன் (நானே சொல்லிக்கொண்டதுதான், வேறு யாரும் சொன்னதில்லை). மூடிப்போன மரப்பட்டறை ஒன்றிலிருந்து மோட்டார் வைத்த வட்ட ரம்பத்தை வாங்கிவந்து, சமையலறைக்கு அடுத்த அறையில் நிறுத்தியிருந்தேன். பலகைச் சுவரில் இடுக்குக்கா பஞ்சம்? ரம்பம் ஓடினால் மரத்தூள் முதலில் போய் உட்காருவது அடுப்படியில்தான்.

என் மனைவி சரோஜா பொறுமைசாலி. தேங்காய்ப்பூ என்று நினைத்துப் புட்டோடு நான் மரத்தூளை மென்ற அன்றுகூட, "இன்னும் கொஞ்சம் சீனி போடவா?" என்றுதான் கேட்டாள். ஆனால் வயிற்றில் பிள்ளையோடு அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிரசவத்துக்கு, பத்து பெரெண்டாம் என்ற ஊரிலிருந்த தாய்வீட்டுக்குப் போனவள், பெண் குழந்தை பிறந்து தீட்டெல்லாம் கழிந்த பிறகும் திரும்பவில்லை. கூப்பிடப் போன என்னை மாமனார் உட்காரவைத்துப் பேசினார்.

"மாப்ள, நீங்க மரம் அறுங்க, வேணாங்கல. ஆனா பச்சப்புள்ள அந்தத் தூச இழுத்து மூச்சு விடக்கூடாது. தூசு இல்லன்னு நான் வந்து கண்ணால பாக்கணும். அப்பறந்தான் அனுப்புவேன்."

மிஷினை விற்றிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை, வெட்கக்கேடு.

வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னை வெட்டி ரம்பத்துக்கு அடியில் பெட்டி மாதிரி பொருத்தினேன். அதிலிருந்து ஒரு தகரக் குழாய். குழாயின் முடிவில், கொல்லுப்பட்டறை உலைக்குக் காற்று ஊதுகிற பழைய ஃபேன். அது தூளை இந்தப் பக்கம் இழுத்து அந்தப் பக்கம் தள்ளும். தள்ளியதைப் பிடிக்கப் பை வேண்டுமே. கோணிச் சாக்கைக் கட்டிப் பார்த்தேன். நைசான தூளெல்லாம் சல்லடையில் மாவு இறங்குவது போல வெளியே வந்து மறுபடி அடுப்படிக்கே போனது. நெருக்கமாக நெய்த துணியாக வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு மாமனார் எடுத்துக் கொடுத்த சரிகை வேட்டி. கரையை உள்பக்கம் மடித்து, என் கையாலேயே பையாகத் தைத்தேன். (அவர் பையை எங்கே பார்க்கப் போகிறார் என்று ஒரு தைரியம்.)

என்ன ஆச்சரியம், வேலை செய்தது. அடுப்படியில் விரலால் தேய்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கண்ணில் பட்ட கட்டையையெல்லாம் அறுத்துத் தள்ளினேன். பையை மட்டும் காலி செய்யவில்லை. எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறேன் என்று தினமும் பார்த்துப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாமனார் வெள்ளை வெளேரென்று வேட்டி சட்டையில். சரோஜா குழந்தையோடு வாசலிலேயே நின்றுகொண்டாள். "அப்பா பாத்துச் சொல்லட்டும், அப்பறம் வர்றேன்" என்றாள். ஆரத்தி எடுக்கப் பக்கத்து வீட்டு மாக் லெச்சுமியைக் கூப்பிட்டு வைத்திருந்தேன். மலாக்கா செட்டிக் குடும்பம்; சாமியெல்லாம் நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அந்த அம்மாள் தட்டோடு கூடத்தில் தயாராக நின்றார்.

நான் ரம்பத்தை ஓட்டி ஒரு பலகையை அறுத்துக் காட்டினேன். மாமனார் கைக்குட்டையை எடுத்து மேசையைத் துடைத்தார், சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையைத் துடைத்தார். கைக்குட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க மாப்ள. சரோஜா, புள்ளயத் தூக்கிக்கிட்டு வாம்மா."

அவள் வலது காலை வாசற்படிக்கு இந்தப் பக்கம் வைத்தாள். மோட்டாரை நிறுத்திவிட்டு நான் அங்கே ஓடியிருக்க வேண்டும். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருங்க மாமா, நீங்க இன்னும் பையப் பாக்கலியே."

மாமனாருக்கு மளிகைக் கடை. அரிசி மூட்டைகளோடு பிறந்து வளர்ந்தவர். எங்கே எந்த மூட்டையைக் கண்டாலும் தட்டிப் பார்க்காமல் அவரால் நகர முடியாது. என் பையோ தூள் அடைத்து, காற்றுப் போக வழியில்லாமல் உப்பிப்போய் நின்றது. மனிதர் உள்ளங்கையை விரித்துத் தாராளமாகவே ஒரு தட்டுத் தட்டினார்.

டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் அறையே காணாமல் போய்விட்டது.

தடவித் தடவி நான் சுவிச்சை அணைத்தபோது, மாமனார் மாவில் புரட்டிய மீன் மாதிரி நின்றார். கண்கள் மட்டும் சிமிட்டின. தோளில் விழுந்து கிடந்த துணியை எடுத்துச் சரிகைக் கரையைத் தடவிப் பார்த்தார்.

"இது நான் எடுத்துக் குடுத்த வேட்டிதானே?"

 அதற்குள் கதவு வழியே வந்த தூளைப் புகையென்று நினைத்த மாக் லெச்சுமி, "ஆப்பி, ஆப்பி" (தீ, தீ) என்று கத்திக்கொண்டு ஓடிவந்து, கையிலிருந்த ஆரத்தித் தண்ணீரை அப்படியே வீசினார். என் மகளுக்குச் சுற்ற வேண்டிய ஆரத்தி மாமனார் முகத்தில் சிவப்பாக வழிந்தது.

வாசலைப் பார்த்தேன். சரோஜா என்னைத் திட்டவில்லை. முந்தானையால் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, உள்ளே வைத்த காலை வெளியே எடுத்தாள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் காலை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

"புள்ள இங்க வராது மாப்ள," என்றார் மாமனார், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "வேணும்னா நீங்க அங்க வாங்க."

போனேன். மிஷினை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனேன். அந்த ஆகஸ்டில் நாட்டுக்கு மெர்டேக்கா (சுதந்திரம்). மாமனார் கடை வாசலில், மாமனார் சொன்ன உயரத்தில் நான் கொடி கட்டிக்கொண்டிருந்தேன். சரோஜா பிள்ளையோடு வந்து நின்று, "நாட்டுக்குக் கெடச்சிருச்சு. உங்களுக்கு எப்பவாம்?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளைக்கும் கல்யாணமாகிவிட்டது. புது மாப்பிள்ளை ஒரு நாள் எங்கள் வீட்டில் ஒழுகிய தண்ணீர்க் குழாயைச் சரிசெய்தார். நன்றாகவே செய்திருந்தார்.

"இன்னொரு தடவ முழுசா தெறந்து காட்டவா மாமா?" என்றார்.

சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது. "வேணாம் தம்பி. பையக் காட்டாதீங்க."

"என்னா பை, அத்தை?"

மகள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன். ஏற்கெனவே குளித்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.