முப்பது அங்குலம்

ஜிப் தொப்புளோடு நின்றுவிட்டது.

"இருபது நிமிஷம்தான் சார் இருக்கு," என்றார் விண்வெளிக் கம்பெனியின் தையல்காரர். "உடுப்பு மூடலைன்னா உங்க சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல முதல் ஆளுக்குப் போயிடும்."

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வியர்த்துக் கொட்டியது. பதினேழு வருஷத்துக்கு முன், இந்தக் கம்பெனி மூன்று நாற்காலியும் ஒரு பொம்மை ராக்கெட்டுமாக இருந்தபோது, அவர்களுடைய லிஃப்டைப் பழுதுபார்க்கப் போன இடத்தில் குலுக்கலில் விழுந்த பயணம். ராக்கெட் வானத்தின் விளிம்பைத் தொட்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். அன்று படிவத்தில் இடுப்பு முப்பது அங்குலம் என்று எழுதினார். உடுப்பும் அதே முப்பதில் வந்து நிற்கிறது.

"புது அளவு கேட்டுப் போன மாசம் கடிதம் போட்டோமே சார்?"

"இவதான் நிரப்பி அனுப்பினா. மாற்றமில்லைன்னு."

"என் கண்ணுக்கு அப்படியேதாங்க இருக்கீங்க," என்றாள் மனைவி.

மெக்கானிக் உருகிப்போனார். மூச்சை இழுத்துப் பிடித்தார். ஜிப் இரண்டு விரல் ஏறியது.

"ஏங்க, ஞாபகமிருக்கா? டிக்கெட் விழுந்த அன்னிக்கு மொட்டைமாடியில நின்னு, 'நான் மேலேருந்து கை ஆட்டுவேன், நீ கீழேருந்து பார்த்துக்கோ'ன்னீங்களே! நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, ராஜா மாதிரி."

"இப்படித்தானே?" என்று நிமிர்ந்தார்.

டர்ர்ர்! விலாப்பக்கத் தையல் விட்டது.

தையல்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு ஊசியைத் தேடினார். மனைவி வெந்நீரை நீட்டினாள்.

"குடிங்க, வயிறு அடங்கும்."

இரண்டு டம்ளர் உள்ளே போனது. வயிறு அடங்கவில்லை, எழுந்து உட்கார்ந்தது.

"ஜிப்புல மெழுகு தடவிப் பாப்போமா?"

தடவினாள். ஜிப் வழுக்கிக்கொண்டு மார்புவரை ஏறியது. "இன்னும் கொஞ்சம்!" என்று வெடுக்கென இழுத்தாள். பிடி கையோடு வந்துவிட்டது.

மணி அடித்தது. மெக்கானிக் பெஞ்சில் சரிந்தார்.

"அன்னிக்கே கூப்பிட்டிருந்தா பறந்திருப்பேன். அப்போ எவ்வளவு ஒல்லி, இல்ல?"

"காத்தடிச்சாலே பறந்திருப்பீங்க," என்று அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். அவருக்குக் கண் கலங்கியது. இப்படி ஒருத்தி யாருக்கு வாய்ப்பாள்?

வெளியிலிருந்து வரவேற்பறைப் பெண் தலையை நீட்டினாள்.

"அக்கா, லிஸ்ட்ல முதல் பேரு உங்களுதுதானே? சீக்கிரம் வாங்க, போன வாரம் நீங்க போட்டுப் பார்த்துட்டுப் போன உடுப்பை இஸ்திரி போட்டு வெச்சிருக்கேன்!"