என் முதல் சங்கும் கீரிக் கரையில் கூடிய கூட்டமும்

ஒரு காரியத்தில் வென்றுவிட்டால் அதை உடனே நாலு பேருக்குக் காட்டவேண்டும் என்று மனிதனுக்கு ஓர் அரிப்பு வரும். எனக்கு அது நடுக்கடலில் வந்தது. பக்கத்தில் போனும் இருந்தது. பிறகு நடந்ததை எங்கள் வீட்டில் ஒரு விருந்தாளி வந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன். அங்கே சங்கு என்றால் எனக்குச் சாவு வீட்டுச் சத்தம்தான். சண்டை வந்தால் "சங்க ஊதிருவேன்" என்பார்கள். சண்டை முற்றினால் "சங்க நெரிச்சிருவேன்" என்று கழுத்துக்கே வருவார்கள், தொண்டைக்கும் அதுதான் பெயர். மில்லில் சங்கு ஊதினால் அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். அந்தச் சொல்லோடு ஒரு நல்ல சேதி வந்து நான் கண்டதில்லை.

இலங்கைக்குத் திரும்பி, மன்னார் ரவுனில் போன் திருத்தும் கடை போட்டு, பக்கத்துக் கடற்கரை ஊரான கீரியில் றெஜினாவைக் கலியாணம் முடித்த பிறகு எல்லாம் மாறிப்போனது. என் மாமனார் வீட்டார் பரம்பரையாகச் சங்கு குளிக்கிறவர்கள். அந்த வீட்டில் சங்கு என்றால் சோறு, கல்வீடு, பிள்ளைகளின் படிப்பு. பச்சைக் குழந்தைக்குப் பால் பருக்குவதும் ஒரு சின்னச் சங்கால்தான். அடுத்த வீட்டுக்கு வழி கேட்டாலும் "அந்தச் சங்கு பதிச்ச மதில் தாண்டி" என்பார்கள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஊருக்கெல்லாம் இல்லை, இந்த வீட்டுக்கு மட்டும். பிள்ளை பிறந்தால் முதல் முழுக்கு, தகப்பன் தன் கையால் கடலுக்குள் இருந்து எடுத்த பெரிய சங்கில் தண்ணீர் மொண்டு வார்க்கவேண்டும். றெஜினாவுக்கு அப்போது ஏழு மாதம். எனக்கோ கடல் என்றால் பாலத்தில் பஸ் போகும்போது யன்னலால் பார்க்கிற சாமான்.

மச்சினன் அன்ரன் நல்ல பிள்ளை. "நீங்கள் ஏன் அத்தான் கஷ்டப்படுறியள்? நான் ஒண்டு எடுத்துத் தாறன். ஆர் கேக்கப்போகினம்?" என்றான்.

அவன் அன்பாகத்தான் சொன்னான், எனக்குத்தான் சுருக்கென்றது. என் பிள்ளையின் தலையில் இன்னொருத்தன் எடுத்த சங்கால் தண்ணீரா? மாமா என்னைத் "தம்பி" என்பார், "சாப்பிட்டீங்களோ" என்பார், அதோடு சரி. அன்றைக்கே அன்ரனிடம் நீச்சலும் மூச்சடக்கவும் பழகத் தொடங்கினேன். நான் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கடல் ஓர் அங்குலம் வற்றியிருக்கவேண்டும். (காதுக்குள் இன்னமும் கொஞ்சம் கிடக்கிறது, ஆட்டினால் கேட்கும்.)

ஒரு சனிக்கிழமை அன்ரனோடு போனேன். அவன் சிலிண்டர் போட்டுக்கொண்டு ஆழத்துக்குப் போகிறவன். எனக்காக ஆழம் குறைந்த இடத்தில் வள்ளத்தை நிறுத்தினான். பத்து முறை முங்கிப் பத்து முறையும் வெறுங்கையோடு மேலே வந்தேன். அடுத்த முறை மணலில் ஒரு கோடு கண்டேன், யாரோ விரலால் இழுத்துவிட்டதுபோல. கோட்டோடு போனேன். அது முடிந்த இடத்தில் மணல் கொஞ்சம் மேடாக இருந்தது. கையை விட்டேன். கனமாக, வழுவழுப்பாக, உயிரோடு ஒரு சங்கு!

மேலே வந்து நான் போட்ட கூச்சலில் அன்ரன் நான் கடிபட்டேன் என்று நினைத்துவிட்டான். கூடக் கொண்டுவந்திருந்த இரும்பு வளையத்துக்குள் சங்கை விட்டுப் பார்த்தான். வளையத்துக்குள்ளால் விழுகிற சங்கு சின்னது, திரும்பக் கடலுக்குள் போடவேண்டும். என்னுடையது விழவே இல்லை.

"பெரிய சாமான் அத்தான்!" என்றான்.

உடனே போனை எடுத்து, சங்கைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து ஒரு செல்ஃபி. "என்ர முதல் சங்கு!" என்று எழுதிக் குடும்பக் குறூப்பில் போட்டேன். படம் போனதும் போனின் சார்ஜும் போனது. பின்னேரம் வரை கடலில் நின்றோம். என் வாழ்க்கையிலேயே சந்தோசமான பின்னேரம் அது.

கரை தெரிந்தபோது கரையில் மணல் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. வெடி கொளுத்தினார்கள். வங்காலையில் இருந்தெல்லாம் சொந்தக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். பாதிரி அங்கியோடு கோயில் சுவாமியும் நின்றார்.

"பாத்தியா அன்ரன், எங்கட சனத்துக்கு என்னில எவ்வளவு பாசம்!" என்றேன். கண் கலங்கிவிட்டது. வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் ஏறி நின்று, சங்கைத் தலைக்கு மேல் தூக்கி, எலெக்‌ஷனில் வென்றவன்போல் கையசைத்தேன். (அந்தக் காட்சியை ஒருவன் வீடியோ எடுத்து வைத்திருக்கிறான். நாசமாய்ப் போவான்.)

மாமி இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்தா. "அந்தோனியாரே! எங்க, தாங்கோ மோன், வலம்புரியைக் கண்ணில காட்டுங்கோ!"

"என்ன வலம்புரி மாமி?"

எல்லாச் சங்கும் இடப் பக்கம் சுழித்திருக்கும். வலப் பக்கம் சுழித்த வலம்புரி லட்சத்தில் ஒன்று என்பார்கள். மாமா இத்தனை வருசம் குளித்தும் அவர் கையில் ஒன்று அகப்படவில்லை. மாமி சங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அசல் இடம்புரி. கரை முழுக்கக் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. சங்கு வாங்கும் முதலாளி ஒருவர் வான் வண்டியோடு வந்து நின்றார், அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"படத்தில வலம்புரி. கையில இடம்புரி. எங்க தம்பி, மற்றதை எங்க மாத்தினனீங்கள்?"

அதோடு தொடங்கியது. வள்ளத்துக்குள் நாலு பேர் ஏறினார்கள். ஐஸ் பெட்டி, எஞ்சின் மூடி, மிச்சம் கிடந்த சோற்றுப் பார்சல் ஒன்றையும் விடவில்லை. ஒருத்தர் என் காற்சட்டைப் பையை உதறச் சொன்னார்.

"என்ர அக்கான்ர மனுசனைக் கள்ளன் எண்டுறியளோ?" என்று அன்ரன் துடுப்பைத் தூக்கினான்.

மாமா கிட்ட வந்தார். "தம்பி, எனக்கு மட்டும் சொல்லுங்கோ. இதுதானோ நீங்கள் எடுத்தது?"

"ஓம் மாமா, சத்தியமா" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கையும் இல்லை, நம்பாமையும் இல்லை. வலம்புரி போனால் போகட்டும், இந்த மனிதர் என்னைக் கள்ளன் என்று நினைத்துவிட்டால் நான் அந்த வீட்டுப் படியை எப்படி மிதிப்பேன்?

அப்போது றெஜினா வயிற்றைப் பிடித்தபடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் அவளுடைய போன். என் படத்தைப் பெரிதாக்கி எல்லாருக்கும் நீட்டினாள்.

"இவருக்கு மச்சம் எந்தக் கன்னத்தில? பாத்துச் சொல்லுங்கோ."

"இடக் கன்னத்தில" என்றார்கள்.

"படத்தில?"

படத்தில் மச்சம் வலக் கன்னத்தில் இருந்தது. என் சட்டை எழுத்தும் வலமிருந்து இடமாக ஓடியது. கண்ணாடியில் தெரிவதுபோலவே படத்தைப் புரட்டிச் சேமிக்கிற போன் அது. ஊரில் எத்தனை பேருக்கு அந்தச் செற்றிங்கை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்! என் போனில் மாற்றவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சங்கு பார்த்த கண்கள் அத்தனையும் அந்தச் சங்கை மட்டும் பார்த்தன, என் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை.

"போன் கடைக்காரன் எண்டு வேற சொல்லுறியள்" என்று றெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கிக் கரை முழுக்கப் பரவியது. சுவாமி மணலில் குந்தியிருந்து சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. சங்கை வாங்கி வாயைத் தடவினார், உள்ளே பூச்சி சுருங்குவதைப் பார்த்தார்.

"அன்ரன் காட்டினவனோ?"

"இல்லை மாமா. மணலில தடம் கண்டனான். தடத்தோட போனனான்."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ? தடம் பாத்து எடுத்திருக்கிறான் என்ர மருமோன்! வலம்புரி ஆருக்கு வேணும்? போங்கோ, போய் வேலையைப் பாருங்கோ."

அவர் வாயில் "மருமோன்" அன்றைக்குத்தான் வந்தது. எனக்கு இடமும் தெரியவில்லை, வலமும் தெரியவில்லை. வலம்புரி என்று நம்பி அவசரத்தில் அந்தோனியாருக்கு வைத்த நேர்த்திக்கடனைக்கூட மாமி விடவில்லை. "அந்தோனியார் இடம் வலம் பாக்கமாட்டார்" என்று தன் உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினா.

அந்தச் சங்கால்தான் என் மகளுக்கு முதல் முழுக்கு வார்த்தது. ஊரில் இன்றைக்கும் என் பெயர் "வலம்புரியார்". கடைக்கு வருகிறவர்கள் போனை நீட்டிவிட்டு, "மச்சம் எந்தப் பக்கம்?" என்று கேட்டுத்தான் மற்ற அலுவல் பேசுவார்கள். எனக்குக் கோபமே வருவதில்லை.

மகளுக்கு இப்போது நாலு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் அந்தச் சங்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் போய் நிற்பாள். கையில் இருப்பதைக் காட்டி, "இது இடம்புரி" என்பாள். கண்ணாடிக்குள் இருப்பதைக் காட்டி, "அது வலம்புரி" என்பாள். பிறகு விருந்தாளியைத் திரும்பிப் பார்ப்பாள்.

"ரெண்டும் என்ர அப்பா எடுத்தது."