கொக்குக் கிராணி ஒட்டிய நோட்டீஸ்

கோலாலம்பூரில் நாரைக்கு அரசாங்க நோட்டீஸ் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் கொக்குக் கிராணிதான். எழுத்தர்களையெல்லாம் கிராணி என்று அழைத்த காலம் அது. அவருடைய சொந்தப் பெயர் எங்காவது ஒரு கோப்பில் இருந்திருக்கும், யாரும் தேடியதில்லை.

நாங்கள் இருந்தது வடிகால்களைக் கவனிக்கும் சிறிய அலுவலகம். பிரிக்பீல்ட்ஸில் செங்கல்லுக்கு மண் தோண்டிய பள்ளங்களில் ஒன்று மழைநீர் சேர்ந்து ஏரியாகவே ஆகிவிட்டிருந்தது. கோரையும் புதரும் மண்டிய அந்த ஏரியில் செந்நாரையும் வக்காவும் கூடு கட்டின. கொக்குக் கிராணி தினமும் அந்த வழியாக வருவார். ஆகவே தினமும் தாமதமாக வருவார். பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். நாங்கள் வயிற்றுவலி, ரயில் தாமதம் என்று நாகரிகமாகப் பொய் எழுதுவோம். அவர், "மூன்றாவது கூட்டில் இன்று குஞ்சு பொரிந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

நாரை முட்டை தின்றால் கழுத்து நீளும் என்று பாசார் சந்தையில் கிளப்பிவிட்டவரும் அவர்தான். அங்கே அந்த முட்டையை விற்றுவந்த ஆள் தொழிலையே விட்டார். ஒரு மாதம் காலர் பொத்தானைப் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

ஒரு வியாழக்கிழமை உத்தரவு வந்தது. கொசு பெருகுவதால், வரும் திங்கட்கிழமை ஆற்றுக்கு வாய்க்கால் வெட்டி ஏரியை வற்றவைத்து, கோரையைக் கொளுத்த வேண்டும். கூடுகள் நிறையக் குஞ்சுகள். கொக்குக் கிராணி பெரிய கிராணியின் மேசைக்குப் போனார். கொசு ஏரியில் இல்லை, வீடுகளுக்குப் பின்னால் அடைத்துக் கிடக்கும் சாக்கடையில் இருக்கிறது என்று விளக்கினார்.

"ரெண்டு மாசம் குடுங்க சார். குஞ்சு பறந்துடும்."

"குஞ்சு மனு போட்டிருக்கா?" என்றார் பெரிய கிராணி, தலை நிமிராமல்.

அலுவலகமே சிரித்தது. அவர் மட்டும் நன்றி சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து, ஒரு படிவத்தை எடுத்தார். அரசாங்க நிலத்தில் அனுமதியின்றிக் குடியிருப்போரை வெளியேற்றும் நோட்டீஸ் அது. இரண்டு மாத அவகாசம் கட்டாயம். அதற்குள் மண்வெட்டி படக்கூடாது.

படிவத்தில் அவர் ஒரு பொய்கூட எழுதவில்லை. பெயர்: செந்நாரை, வக்கா, குடும்பத்தார். தொழில்: மீன்பிடித்தல். எவ்வளவு காலமாக: அலுவலகம் தொடங்கும் முன்பிருந்தே. இனம்: இதரர். மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற எந்தப் பட்டியலிலும் சேராதவர்களுக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது.

எங்கள் அலுவலகத்தின் வெள்ளைக்கார அதிகாரியான துரையின் கையெழுத்துக்குக் காகிதங்களை அடுக்குவது என் வேலை. படித்தேன். விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும்.

"அண்ணே, வேலை போயிடும்" என்றேன்.

"எனக்குத்தானே?" என்றார்.

முப்பது வருட உத்தியோகத்தில் நான் செய்த முதல் குற்றம் இது: அந்தக் காகிதத்தை இரண்டு விடுப்பு மனுக்களுக்கு நடுவில் செருகி, சனிக்கிழமை மதியம், துரை டென்னிஸ் மட்டையோடு நின்றபோது நீட்டினேன். வாசிக்காமலே கையெழுத்து விழுந்தது.

திங்கட்கிழமை கூலியாட்களோடு ஏரிக்கு வந்த மேஸ்திரி மண்டோர், கரையில் கொக்குக் கிராணி நட்டிருந்த பலகையையும் அதில் ஒட்டியிருந்த நோட்டீஸின் முத்திரையையும் பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரை தெரியும். பலகைக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு ஆட்களைத் திருப்பினார். பெரிய கிராணி கொதித்தார். ஆனால் நோட்டீஸை ரத்து செய்ய வேண்டுமானால், துரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார் என்று துரைக்கே எழுத வேண்டும். அந்தக் கடிதத்தை இரண்டு நாள் வரைந்து, இரண்டு நாள் கிழித்தார்.

விஷயம் துரையின் காதுக்குத் தானாகவே போயிற்று. கொக்குக் கிராணியைக் கூப்பிட்டு, குடியிருப்போர் நோட்டீஸைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் இருக்கிறதா என்று இறுகிய முகத்தோடு கேட்டார்.

"இருக்கு துரை. பலகை மேலயே எச்சம் போட்டிருக்காங்க."

துரை தொப்பியை எடுத்துக்கொண்டு ஏரிக்கே போனார். முழங்கால்வரை சேற்றோடு திரும்பி வந்தவர், கோப்பில் எழுதினார்: "முதலில் சாக்கடை. ஏரி, அவகாசம் முடிந்தபின்." சாக்கடையைத் துப்புரவாக்கியதும் கொசு குறைந்தது. குஞ்சுகள் பறந்தன. ஏரியை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஆனால் பெரிய கிராணி மறக்கவில்லை. கொக்குக் கிராணியைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். போகும்போது என் மேசையில் அவர் வைத்துவிட்டுப் போனது, நிரப்பாத படிவங்களில் ஒரு கட்டு.

கூடு கட்டும் பருவம் வந்தால், நான் ஓய்வு பெறும்வரை ஆண்டுக்கு ஒன்று நிரப்பி, அதேபோல் கையெழுத்துக் காகிதங்களுக்கு நடுவில் செருகினேன். எல்லாம் அவர் எழுதியபடியேதான். இனம் என்ற இடத்தில் மட்டும் 'இதரர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'நம்மவர்' என்று எழுதினேன்.